ஊரும் பேரும் உள்ள கற்கள்

பெர்க்லியில் இருக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகத்தின் நடுவே 307 அடி உயரத்தில் ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் லிஃப்டில் மேலே போய், சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவைப் பார்த்து, படமெடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். நடுவில் லிஃப்ட் நிற்காமல் கடந்துபோகும் மாடிகளில் இருப்பவை எலும்புகள். லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் லா ப்ரேயா தார்க் குட்டைகளில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் சிக்கிச் செத்த வாள்பல் பூனைகள், ஓநாய்கள், குதிரைகள், காட்டெருமைகள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோண்டி எடுக்கப்பட்டவை, மணிக்கூண்டையே கிடங்காக்கி வைத்திருக்கிறார்கள்.

இவற்றுக்குச் சொந்தக்காரர் அந்தப் பல்கலைக்கழகத்தின் தொல்லுயிரியல் அருங்காட்சியகம். ஹவாய்ச் சர்க்கரை வணிகக் குடும்பத்தின் வாரிசு ஆன்னி அலெக்சாண்டர் தந்த பணத்தில் 1921இல் தொடங்கியது. அவர் பணம் கொடுத்ததோடு நிற்கவில்லை, தானே களத்துக்குப் போய்ச் சம்மட்டி பிடித்தவர். இன்று அங்கே ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட புதைபடிவங்கள் இருக்கின்றன. அருங்காட்சியகம் என்றதும் நம் நினைவுக்கு வரும் கண்ணாடிப் பெட்டிகள் அங்கே அதிகம் கிடையாது. இருப்பவை வரிசை வரிசையாய் இரும்பு பீரோக்கள், அவற்றுக்குள் இழுப்பறைகள், இழுப்பறைக்குள் அட்டைத் தட்டுகள், தட்டுக்குள் சிப்பிகள். உலகின் பெரிய புதைபடிவச் சேகரிப்புகள் எல்லாவற்றின் கதையும் இதுதான். பார்வையாளர் கண்ணில் படுவது மிகச் சொற்பம்.

பார்வையாளர் கண்ணில் படாதது இருக்கட்டும். ஆராய்ச்சியாளர் கண்ணிலும் படவில்லை என்பதுதான் விஷயம். 2015இல் பெர்க்லி உள்ளிட்ட சில அருங்காட்சியகங்கள் கூடி ஒரு வேலையில் இறங்கின. கடந்த 6.6 கோடி ஆண்டுகளில் அமெரிக்கக் கண்டங்களின் பசிபிக் கரையோரக் கடல்களில் வாழ்ந்த முதுகெலும்பற்ற உயிர்கள், அதாவது சிப்பிகள், நத்தைகள், கடல் முள்ளெலிகள் போன்றவை. இவற்றின் புதைபடிவங்களில் சுமார் 16 லட்சத்தை இணையத் தரவுத்தளத்தில் ஏற்றுவது திட்டம். வேலை பாதி நடக்கும்போதே, 2018இல், ஒரு கணக்கை வெளியிட்டார்கள். கலிபோர்னியா, ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களில் இந்தப் புதைபடிவங்கள் கிடைத்த இடங்கள் என்று ஒன்பது நிறுவனங்களின் இழுப்பறைகள் சொல்லும் எண்ணிக்கை, அறிவியல் இதழ்களிலிருந்து திரட்டிய உலகப் பொதுத் தரவுத்தளத்தில் இருந்ததைப்போல 23 மடங்கு. அச்சில் ஏறியிருந்தது நூற்றுக்கு மூன்று நான்கு மட்டுமே. மீதியை அவர்கள் ‘இருட்டுத் தரவு’ என்றார்கள்.

இது ஏன் இப்படி என்று யோசித்தால் விடை எளிது. புதிய இனம் ஒன்று கிடைத்தால் கட்டுரை எழுதுவார்கள். ஏற்கெனவே ஆயிரம் தடவை பார்த்த அதே மட்டி இன்னொரு பாறையிலும் கிடைத்தால் யார் எழுதுவார்கள்? சீட்டு எழுதி இழுப்பறையில் போட்டுவிடுவார்கள். அதனால் அச்சிட்ட அறிவியலில் அபூர்வங்கள் மிகுந்துவிட்டன, சாமானியர்கள் காணாமல் போய்விட்டார்கள். ஒரு கடலின் வரலாறோ சாமானியர்களிடம்தான் இருக்கிறது. எது எங்கே, எவ்வளவு, எதுவரை வாழ்ந்தது என்று கேட்டால் அந்த மட்டிதான் பதில் சொல்ல வேண்டும்.

சரி, ஒரு புதைபடிவத்தைத் தரவுத்தளத்தில் ஏற்றுவது என்றால் என்ன? படமெடுத்துப் போடுவது என்று பலரும் நினைக்கிறார்கள். படம் முக்கியம்தான். இன்று சிடி ஸ்கேன் வரை போய்விட்டார்கள், பாறைக்குள் இருக்கும் மண்டையோட்டைப் பாறையை உடைக்காமலே திரையில் திருப்பிப் பார்க்கலாம். ஆனால் வேலையின் முதுகெலும்பு அந்தக் கல்லோடு கிடக்கும் சீட்டில் இருக்கிறது. ஓர் அட்டைத் தட்டை அருகில் போய்ப் பார்ப்போம்.

விரல்நுனி அளவு சிப்பிகள் ஐந்தாறு. ஒவ்வொன்றின் மீதும், அதிகம் கண்ணை உறுத்தாத ஓரத்தில், வெள்ளைப் பெயின்ட் ஒரு பொட்டு. அதன் மேல் கறுப்பு மையில் எண். அதன் மேல் வார்னிஷ் பூச்சு. கல்லும் சீட்டும் பிரிந்துவிட்டாலும் எண் இருந்தால் பதிவேட்டில் தேடிப் பிடித்துவிடலாம் என்பதற்காக இந்த ஏற்பாடு. தட்டின் அடியில் சீட்டு. இனத்தின் பெயர், கிடைத்த இடத்துக்கான இன்னோர் எண், எடுத்தவர், தேதி. சில தட்டுகளில் மூன்று நான்கு சீட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும். ஒவ்வொரு தலைமுறை ஆராய்ச்சியாளரும் வந்து பெயரைத் திருத்தி எழுதிவிட்டுப் போயிருப்பார்.

இந்தக் காகிதம் நிரந்தரம் என்று எண்ண வேண்டாம். பைரைட் என்ற கனிமம் கலந்த புதைபடிவங்கள் உண்டு. காற்றின் ஈரப்பதம் கூடிவிட்டால் பைரைட் சிதைந்து கந்தக அமிலம் கசியும். அது முதலில் கல்லை உதிர்க்கும், பிறகு சீட்டைப் பொசுக்கும். ஓக் மர இழுப்பறையிலிருந்து கசியும் அமில ஆவி, சிப்பிகளின் மீது வெள்ளை உப்பாய்ப் பூத்து அரித்துவிடும். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் தாங்கியது, நூறு ஆண்டு பீரோவுக்குள் தாங்குவதில்லை.

சீட்டு போனால் என்ன, கல் இருக்கிறதே என்று கேட்கலாம். எந்த ஊரில், எந்தப் பாறை அடுக்கில் கிடைத்தது என்று தெரியாத சிப்பி, சர்வே எண் இல்லாத பத்திரம் மாதிரி. வைத்துக்கொள்ளலாம், வழக்காட முடியாது. அதன் வயதைத் துல்லியமாகச் சொல்ல வழியில்லை. அது வாழ்ந்த கடலின் வெப்பத்தை அதன் ஓட்டிலுள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகள் சொல்லும். எந்தக் கடல், எந்தக் காலம் என்று தெரியாவிட்டால் அந்த விடையை எங்கே பொருத்துவது?

பதிவு செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனில் ஒரு நல்ல கதை இருக்கிறது. 2011இல் ஹோவர்ட் ஃபால்கன்-லாங் என்ற தொல்லுயிரியலாளர், நாட்டிங்ஹாம் அருகே உள்ள பிரிட்டிஷ் புவியியல் ஆய்வகத்தின் கிடங்கில் ஒரு பழைய மர பீரோவைத் திறந்தார். ‘பதிவு செய்யப்படாத தாவரப் புதைபடிவங்கள்’ என்று எழுதியிருந்த இழுப்பறை. உள்ளே கண்ணாடிச் சில்லுகள், ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாய் இழைத்த கல்மரத் துண்டுகள். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், சார்லஸ் டார்வினின் கையெழுத்து. பீகிள் கப்பல் பயணத்தில், 1834இல், சிலி நாட்டின் சிலோயே தீவில் அவர் எடுத்த மரத்துண்டு அது. மொத்தம் 314 சில்லுகள். டார்வினின் நண்பர் ஜோசப் ஹூக்கர் 1846 வாக்கில், அப்போது லண்டனில் இருந்த அந்த ஆய்வகத்தில் சில காலம் வேலை பார்த்தபோது சேர்த்தவை. அங்கே முறையான பதிவேடு வருவதற்குள் ஹூக்கர் இமயமலைப் பயணத்துக்குக் கிளம்பிவிட்டார். பிறகு சேகரிப்பு லண்டனுக்குள் இடம் மாறியது, லண்டனை விட்டும் மாறியது. ஏறத்தாழ 165 ஆண்டுகள் டார்வினின் கல் யாருக்கும் தெரியாமல் கிடந்தது. டார்வினுக்கே இந்தக் கதி என்றால், பெயர் தெரியாத ஒரு மாணவர் வெயிலில் நடந்து பொறுக்கிய மூட்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இன்று உலகெங்கும் அருங்காட்சியகங்கள் தகவல் பரிமாறிக்கொள்ளும் பொதுப் படிவத்துக்கு ‘டார்வின் கோர்’ என்றே பெயர். 2009இல் முறைப்படி ஏற்கப்பட்டது. எந்தப் பத்தியில் இனப்பெயர், எந்தப் பத்தியில் இடம், எந்தப் பத்தியில் தேதி என்று எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒழுங்கு. சலிப்பூட்டும் விஷயம்தான். ஆனால் அதில் எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. சீட்டில் உள்ளதை எழுத்துப் பிழையோடு அப்படியே எழுத ஒரு பத்தி, நாம் புரிந்துகொண்டதை எழுத வேறொரு பத்தி. நாளை நம் ஊகம் தவறு என்று தெரிந்தால், பழைய சீட்டு கெடாமல் இருக்கும்.

அந்த ஊகத்தில்தான் நேரம் போகிறது. ‘ஊருக்கு வடக்கே ஐந்து மைல்’ என்று 1920இல் ஒருவர் எழுதியிருக்கிறார். ஊரின் எந்த இடத்திலிருந்து? தபால் நிலையத்திலிருந்தா, எல்லையிலிருந்தா? சாலை வழியா, நேர்கோடா? வடக்கு என்றால் நேர் வடக்கா, வடகிழக்கையும் சேர்த்துச் சொன்னாரா? பெர்க்லியைச் சேர்ந்த ஜான் வீச்சோரெக்கும் கூட்டாளிகளும் 2004இல் இதற்கு ஒரு முறை வகுத்தார்கள். ஒரு புள்ளியைக் குறி, அதைச் சுற்றி ஐயத்தின் அளவுக்கு ஒரு வட்டம் போடு. சீட்டு எவ்வளவு தெளிவோ வட்டம் அவ்வளவு சிறிது. அமெரிக்க மேற்கில் நிலத்தை ஒரு மைல் சதுரங்களாக அளந்து எண் கொடுத்திருப்பார்கள். சதுரத்தின் எண் மட்டும் தெரிந்தால் வட்டத்தின் ஆரம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ‘கலிபோர்னியா’ என்று மட்டும் எழுதியிருந்தால் வட்டத்துக்குள் மாநிலமே வந்துவிடும். தெரியாததை இவ்வளவு தெரியாது என்று எண்ணால் சொல்வது நேர்மையான காரியம். ஒரு கிலோமீட்டர் துல்லியம் கேட்கும் ஆய்வு, பெரிய வட்டங்களைத் தள்ளிவிட்டு வேலை செய்யலாம்.

புதைபடிவத்துக்கு அட்சரேகை தீர்க்கரேகை மட்டும் போதாது. சாலைக்காக வெட்டிய ஒரே கரையில் பத்தடி மேலே போனால் பல லட்சம் ஆண்டுகள் கடந்திருக்கலாம். ஆகவே பாறைத் தொகுதியின் பெயரும் அடுக்கும் வேண்டும். அதற்குச் சீட்டைத் தாண்டி, களத்தில் எழுதிய நோட்டுப் புத்தகத்தைத் தேடிப் படிக்க வேண்டும். அதற்கும் மேலே, கண்டங்கள் நகர்ந்த கணக்கைப் போட்டு அந்த உயிர் வாழ்ந்தபோது அந்த இடம் பூமியில் எங்கே இருந்தது என்றும் பார்க்கிறார்கள். நம் அரியலூரில் கிடைக்கும் அம்மோனைட்டுகள் என்ற சுருள் ஓட்டு உயிர்கள் நீந்திய கடல் அன்று பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருந்தது.

இவ்வளவையும் கணினி தானாகப் படித்துவிடாதா? பழைய கையெழுத்து, அதுவும் மங்கிய மை என்றால் திணறுகிறது. அதனால் சீட்டுகளின் படங்களை இணையத்தில் போட்டு, தன்னார்வலர்களைத் தட்டச்சுச் செய்யச் சொல்லும் ஏற்பாடுகள் வந்தன. ‘நோட்ஸ் ஃப்ரம் நேச்சர்’ என்ற தளம் 2013 முதல் இதைச் செய்துவருகிறது. தவறுகள் வராமலில்லை. தீர்க்கரேகைக்கு முன்னால் உள்ள ஒரு கழித்தல் குறியை விட்டுவிட்டால், பெர்க்லிச் சிப்பி சீனாவின் ஷான்டோங் கரைக்கு அப்பால் கடலில் போய் விழும். இரண்டு கட்டங்களையும் காலியாக விட்டு அவை பூஜ்யமாக மாறிவிட்டால், ஆப்பிரிக்காவுக்கு அருகே கினி வளைகுடாவில் மிதக்கும். காகிதப் பிழை ஓர் இழுப்பறையோடு நிற்கும், இணையப் பிழை உலகம் சுற்றும். எனவே ஏற்றியவுடன் வரைபடத்தில் போட்டுப் பார்ப்பது கட்டாயம்.

ஊர் முடிந்தது, பேருக்கு வருவோம். இங்கே நம் பக்கத்து உதாரணமே கையில் இருக்கிறது. 1840களில் கே, கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளி வட்டாரங்களில் புதைபடிவங்களைத் திரட்டி லண்டனுக்கு அனுப்பினார்கள். இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றை விவரித்து அச்சிட்டார். அம்மோனைட்டுகளுக்கு அவர் வைத்த பெயர்கள் சுவையானவை: இந்திரன், வருணன், சூரியன், பிரம்மா. ‘அம்மோனைட்ஸ் இந்த்ரா’ என்று அவர் பெயரிட்டதை, 1895இல் வியன்னாவின் ஃபிரான்ஸ் காஸ்மட் ‘சூடோஃபில்லைட்டிஸ்’ என்ற புதிய பேரினத்துக்கு மாற்றினார். பிறகு ஜப்பான், தென்னாப்பிரிக்கா, அண்டார்க்டிகா என்று பல கரைகளில் அதே இனம் கிடைத்தது. புதுச்சேரிக் கடலோரத்தில் முதலில் பெயர் பெற்ற உயிர், உலகக் கடல்களையே சுற்றியிருக்கிறது. ஓர் இழுப்பறையில் பழைய பெயரும் இன்னொன்றில் புதிய பெயரும் இருந்தால், தேடுகிறவருக்கு இரண்டும் வேறு வேறாகவே தோன்றும். நல்ல தரவுத்தளம் பெயர் மாறிய வரலாற்றையும் சேர்த்து வைக்கும், எந்தப் பெயரைத் தட்டினாலும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோய் விடும்.

இத்தனை பாடுபட்டு என்ன கிடைக்கும்? ஜாக் செப்கோஸ்கி என்ற அமெரிக்கர் ஏறத்தாழ பத்தாண்டுகள் நூலகங்களில் உட்கார்ந்து, கடல் உயிர்க் குடும்பங்கள் எப்போது தோன்றின, எப்போது மறைந்தன என்று பட்டியல் போட்டார். அந்தப் பட்டியலை வைத்து டேவிட் ராப்புடன் சேர்ந்து 1982இல் அவர் காட்டியதுதான், இன்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்லும் ஐந்து பேரழிவுகள். புதிதாக ஒரு குழியும் தோண்டவில்லை. ஏற்கெனவே தோண்டியதைக் கூட்டிப் பார்த்தார், அவ்வளவே. அதன் அடுத்த படியாக 1998 வாக்கில் ஜான் ஆல்ராய், சார்லஸ் மார்ஷல் முதலானோர் தொடங்கிய முயற்சிதான் முன்பு சொன்ன உலகப் பொதுத் தரவுத்தளம், பேலியோபயாலஜி டேட்டாபேஸ். இதே மார்ஷல் பின்னாளில் பெர்க்லி அருங்காட்சியகத்தின் இயக்குநராகி, 23 மடங்குக் கணக்கையும் முன்னின்று வெளியிட்டார். தான் தொடங்கிய தரவுத்தளத்தில் எவ்வளவு விடுபட்டிருக்கிறது என்று தானே எண்ணிச் சொன்னவர்.

விடுபட்டது எல்லா இடத்திலும் ஒரே அளவில் விடுபடவில்லை. நுசைபா ராஜா, எம்மா டன் உள்ளிட்டோர் 2021 முடிவில் வெளியிட்ட ஆய்வு, அந்தத் தரவுத்தளத்தில் சேர்ந்த முப்பதாண்டுத் தரவை எடுத்து, அதைத் தந்த ஆய்வாளர்கள் எந்த நாடுகளில் இருந்து வேலை செய்தவர்கள் என்று பார்த்தது. 97 விழுக்காடு, உயர் வருமான, மேல்-நடுத்தர வருமான நாடுகளில் இருப்பவர்கள் தந்தது. இந்தியா கீழ்-நடுத்தர வருமானப் பட்டியலில் இருக்கிறது. அதாவது நாமும், நம்மைப் போன்ற அத்தனை நாடுகளும், அந்த மூன்று விழுக்காட்டுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறோம். பாறை நம்முடையது, தரவு அவர்களுடையது என்பது நெடுநாள் பழக்கம். ஃபோர்ப்ஸ் விவரித்த புதுச்சேரிக் கற்கள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. புவியியலாளர் பிளான்ஃபோர்ட் வரைபடம் போட்டு, தொல்லுயிரியலாளர் ஸ்டோலிச்கா 1873 வரை நான்கு பெரும் தொகுதிகளாக விவரித்த திருச்சி, அரியலூர்ச் சேகரிப்பு கொல்கத்தாவில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிடம். அரியலூர் மாணவருக்கு இரண்டும் தூரம்தான். தரவுத்தளம் கல்லைத் திருப்பித் தராது, ஆனால் பயணச்சீட்டு வாங்காமல் பார்க்க வைக்கும். அந்த அளவில் அது நியாயமான கருவி.

நம்மால் ஆகும் உதவியும் இதில் இருக்கிறது. பழைய தொகுதிகளில் ஊடடூர், அர்ரியலூர், வெர்டாசெல்லம் என்று ஆங்கிலேயர் காதில் விழுந்தபடி ஊர்ப் பெயர்கள் கிடக்கின்றன. லண்டனில் உட்கார்ந்திருப்பவர் வரைபடத்தில் தேடி அலுத்துப்போவார். நம்மூர்க்காரர் படித்த மாத்திரத்தில் ஊட்டத்தூர், அரியலூர், விருத்தாசலம் என்று சொல்லி, எந்த ஓடையில் அந்தப் பாறை தெரிகிறது என்றும் காட்டிவிடுவார்.

எல்லாவற்றையும் திறந்துவைப்பதில் ஆபத்தும் உண்டு. துல்லியமான இடம் வெளியே தெரிந்தால் மறுநாள் கடப்பாரையோடு ஆள் வந்துவிடும், புதைபடிவச் சந்தை அப்படிப்பட்டது. அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டுச் சட்டம், மத்திய அரசு நிலங்களில் உள்ள புதைபடிவ இடங்களை வெளியிடாமல் காக்கிறது. பல அருங்காட்சியகங்கள் பொதுமக்களுக்கு மாவட்டம் வரை மட்டும் காட்டி, ஆய்வாளர் கேட்டால் முழு விவரம் தருகின்றன. அதுவே சரியான வழி என்பது என் கருத்து.

ஆனால் பதிவே இல்லாமல் போனதற்கு நாம் கொடுத்த விலையும் ஒன்று உண்டு. யாதகிரி, அய்யாசாமி என்ற இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அறிஞர்கள், அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் ஒரு டைனோசரின் எலும்புகளைக் கண்டு, 1980களில் ‘புருகத்காயோசாரஸ்’ என்று பெயரிட்டார்கள். முழங்காலுக்குக் கீழ் எலும்பு மட்டும் இரண்டு மீட்டர் நீளம். அந்த அளவு சரி என்றால், பூமியில் நடந்த விலங்குகளில் மிகப் பெரியவற்றுள் அதுவும் ஒன்று. எலும்புகள் உதிரும் தன்மையுடையவை. மழைக்காலத்தில் நொறுங்கிப் போயின. அச்சில் இருந்தவை சில கோட்டுப் படங்கள். உலக ஆய்வாளர்கள் நம்ப மறுத்தார்கள், கல்மரமாக இருக்கும் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். 2022இல் அய்யாசாமி, சௌரப் பால் என்பவருடன் சேர்ந்து, களத்தில் எடுத்த பழைய புகைப்படங்களை வெளியிட்ட பிறகுதான் விவாதம் மறுபடி சூடு பிடித்தது. எலும்பு இல்லை, அச்சு வார்ப்பு இல்லை, ஸ்கேன் இல்லை. இருக்கும் சில புகைப்படங்களையும் அச்சிட்ட அளவுகளையும் வைத்தே எடை கணக்கிடுகிறார்கள்.

அரியலூரிலும் பெரம்பலூரிலும் சிமென்ட்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கங்களில் புதைபடிவங்கள் இன்றும் வெளியே வருகின்றன, அரவைக்கும் போகின்றன. நம் கல்லூரி நிலவியல் துறைகளில் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் களப்பயணத்தில் பொறுக்கி வந்தவை பீரோக்களில் இருக்கின்றன. சீட்டு எழுதியவர் ஓய்வு பெற்றிருப்பார், ஊர் ஞாபகம் அவர் தலையில் மட்டும் இருக்கும். பெரிய நிதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். கல்லையும் அதன் சீட்டையும் பக்கத்தில் ஓர் அளவுகோலையும் சேர்த்து வைத்து ஃபோனில் ஒரு படம், எக்ஸெல்லில் ஒரு வரி, ஓய்வு பெற்ற ஆசிரியருக்கு ஓர் அழைப்பு. புதிதாகச் சீட்டு எழுதினால், பழையதைக் கிழித்துப் போடாமல் அதன் அடியிலேயே வையுங்கள்.